வெயிட்டிங்... சரி, வாங்கப்போறது யாரு?

முன்னால் நாலு கதவு, அஞ்சு பேர் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி, நாலு சக்கரத்துக்கும் இழுவை. டபுள் கேப் பிக்கப். இப்படி ஒரு வண்டியின் படம் வந்துவிட்டால் அன்று முழுக்க எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் வேறு பேச்சே கிடையாது.

2023 ஆகஸ்ட் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், ஸ்கார்ப்பியோ-என் வண்டியை அடிப்படையாக வைத்து 'குளோபல் பிக் அப்' என்று ஒரு மாதிரி வண்டியைக் காட்டியது மஹிந்திரா. அன்றைக்கு ஆரம்பித்த வெயிட்டிங். கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் சுற்றிய சோதனை வண்டியை யாராவது ரோட்டில் படம் எடுத்துப் போட்டால் போதும், "வந்தா மொத புக்கிங் நான்தான்" என்று குறைந்தது ஆறு பேர் எழுதிவிடுவார்கள். அதில் ஒருவன் நான். மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் பெட்ரோல் போட என்னிடம் கடன் வாங்குகிறவர்கள்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்: ஆசை மட்டும் தேவை ஆகாது. கையில் காசு இருக்க வேண்டும், அதைச் செலவழிக்க மனசும் வர வேண்டும். பரீட்சையில் ரெண்டு மார்க் கேள்வி. எழுதி மார்க்கும் வாங்கிவிட்டு, வீடியோவுக்குக் கீழே கமெண்ட் போடும்போது மறந்துவிடுகிறோம்.

டொயோட்டா ஹைலக்ஸ் கதையைப் பாருங்கள். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய வண்டி. 2022 ஜனவரியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிப்ரவரியிலேயே முன்பதிவு குவிந்துவிட்டது என்று புக்கிங்கைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். மார்ச் கடைசியில் விலை வந்தது. ஆரம்பமே 33.99 லட்சம், அதுவும் ஷோரூம் விலை. ஒரு வருஷம் கழித்து, 2023 மார்ச்சில், ஆரம்ப மாடலின் விலையைச் சுமார் 3.6 லட்சம் குறைத்தார்கள். புக்கிங்கையே நிறுத்துமளவு கூட்டம் நின்ற கடையில் ஏன் விலையைக் குறைக்க வேண்டும்? எனக்கென்னவோ அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் என்னை மாதிரி ஆட்கள் என்றுதான் தோன்றுகிறது.

அதற்கு முன்னால் இசுஸு வி-க்ராஸ். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில்தான் தயாராகிறது. 2016-ல் வந்தது. நல்ல வண்டி, ரசிகர் கூட்டமும் உண்டு. ஆனால் ஒரு நாள் முழுக்க அவினாசி ரோட்டில் நின்று எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் போதும். இன்னும் பின்னால் போனால் ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா ஸெனான். இரண்டும் வந்தன, போயின.

ஏன் ஓடவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஹைலக்ஸின் நீளம் 5,325 மில்லிமீட்டர். நம்ம ஊர் சந்தில் திருப்ப வேண்டுமென்றால் எதிர் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவிட வேண்டும். அந்த விலை கொடுக்கிறவர் குடும்பத்தோடு போக ஃபார்ச்சூனரைத்தான் பார்ப்பார். கல்யாண மண்டபத்து வாசலில் தொட்டி வைத்த வண்டியில் போய் இறங்கினால் "சமையல் சாமான் வந்துடுச்சா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். சிரிக்காதீர்கள், முப்பது லட்சம் கொடுக்கிறவருக்கு இதுவும் ஒரு கணக்கு.

ஆஸ்திரேலியாவில் மட்டும் எப்படி என்று கேட்கலாம். 2023-ல் அங்கே எல்லா வண்டிகளிலும் அதிகம் விற்றது ஃபோர்ட் ரேஞ்சர் பிக்கப்தான், 63,356 வண்டிகள். மலையேறும் விளம்பரத்தைப் பார்த்து மட்டும் அத்தனை பேர் வாங்கவில்லை. தச்சரும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வாரநாளில் சாமான் ஏற்றுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள்.

அப்படியானால் நம் நாட்டில் வேலைக்காரர்களின் டபுள் கேப் எங்கே என்றால், அது ரொம்ப நாளாகவே இருக்கிறது. பொலேரோ கேம்பர். ஐந்து சீட்டு, பின்னால் ஒரு டன் பாரம், நாலு சக்கர இழுவையிலும் கிடைக்கும், விலை சுமார் பத்து லட்சம். எஸ்டேட்டிலும் குவாரியிலும் கரண்ட் வேலை நடக்கும் இடத்திலும் பார்க்கலாம். அதற்கு யாரும் "வெயிட்டிங்" என்று எழுதியதில்லை. வாங்கிக்கொண்டு போய் வேலையைப் பார்க்கிறார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தது என் பெரியப்பாதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. ஹைலக்ஸ் வீடியோவைக் காட்டி அரை மணி நேரம் பேசினேன். ஆற்றுக்குள் இறங்குவது, பாறை மேல் ஏறுவது எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் சாமி, எத்தனை காய் புடிக்கும்?" என்றார். அந்த வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவரிடம் அப்போது இருந்தது குட்டி யானை. காய் பொறுக்க வருகிறவர்கள் காலையில் அதன் பின்னால் நின்றுகொண்டுதான் வருவார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் ஏற்றுகிறார்கள். ஒரு நாள் வாய்க்கால் மேட்டுத் திருப்பத்தில் ஒரு அக்கா தடுமாறிக் கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மூன்று மாதம் வேலைக்கு வர முடியவில்லை. பெரியப்பா ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், கூலியில் பாதியும் கொடுத்தார். மீதிப் பாதிக்கு யார் பொறுப்பு என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

அந்த வருஷமே குட்டி யானையை விற்றுவிட்டுப் பழைய கேம்பர் ஒன்று வாங்கினார். பின்சீட்டு பலகை மாதிரிதான், ஏசி கிடையாது. ஆனாலும் கதவு இருக்கிறது, கூரை இருக்கிறது. டிரைவர் போக நாலு பேர்தான் உட்காரலாம் என்பதால் காலையில் இரண்டு நடை. டீசல் கூடுதல்தான், முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறார்.

அதனால் மஹிந்திராவுக்கு என் பேச்சு எட்டுமானால் (எட்டாது, இருந்தாலும்) ஒன்று சொல்லுவேன். கேப் டவுனில் காட்டிய வண்டியைச் சன்ரூஃப், பெரிய திரை எல்லாம் போட்டு எங்களுக்காக இருபத்தைந்து லட்சத்துக்குக் கொண்டுவராதீர்கள். நாங்கள் கமெண்ட் போட்டுவிட்டுப் போய்விடுவோம். கேம்பர் வாங்குகிறவர் இன்னும் நாலைந்து லட்சம் சேர்த்துப் போட்டால் எட்டும் விலையில், ஒரு டன் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கோடு, பின்சீட்டில் பெல்ட்டும் ஏர்பேக்கும் வைத்துக் கொடுங்கள். வீடியோவில் பார்க்க அழகாக இருக்காது. இருந்தாலும் விற்கும். காசை எண்ணி வைத்துவிட்டு வாங்குகிற ஆள் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்.

2025 தீபாவளிக்குத் தோப்புக்குப் போனபோது, அந்த அக்கா டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டைத் தனதென்று பிடித்து வைத்திருந்தார். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாதாம். பெரியப்பா என்னைப் பார்த்ததும், "அந்தப் புது வண்டி என்ன ஆச்சு, வெலை சொல்லீட்டானா?" என்றார். இல்லை என்றேன். "சொன்னா ஒரு போன் போடு" என்று சொல்லிவிட்டு, காய் எண்ணப் போய்விட்டார்.