இரைச்சல் என்று சொல்லி எழுந்து போகிறவர்களுக்கு

பொழிச்சலூரில் ஒரு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை நாம் கூடிப் பேசுவது இத்தளத்தின் வாசகர்களுக்குத் தெரிந்ததே. விமான நிலையத்தை ஒட்டிய ஊர் என்பதால் பேச்சாளர் எவராயினும் நடுநடுவே நிறுத்தித்தான் ஆகவேண்டும். கம்பனைப் பாதியில் நிறுத்தியிருக்கிறோம், காஃப்காவையும் நிறுத்தியிருக்கிறோம். விமானம் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அந்த ஓசையை இதுவரை எவரும் பண்பாட்டுச் சீரழிவு என்று சொன்னதில்லை.

சென்ற கூட்டத்தில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பற்றிப் பேச ஒரு பெரியவர் வந்திருந்தார். பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தபோது, கீழ்த்தளத்தில் குடியிருப்பவரின் மகன், கல்லூரி மாணவன், பின்வரிசையில் எழுந்து நின்றான். "தாழிக்குள்ள வெச்சாங்க இல்லையா சார், அவங்க என்ன நெனச்சு வெச்சிருப்பாங்க? பயந்தாங்களா?" என்று கேட்டான். பெரியவர் அவனுடைய கறுப்புச் சட்டையைப் பார்த்தார். அதில் எலும்புகளும் பிரமிடும் படிக்கவொண்ணாத எழுத்துகளும் இருந்தன. "தம்பி, நீங்கள் கேட்கிற இரைச்சலிலிருந்து முதலில் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். பிறகு தாழியைப் பற்றிப் பேசலாம்" என்றார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். பையன் உட்கார்ந்துவிட்டான்.

அந்தச் சிரிப்புக்காகவே இக்கட்டுரை. கேட்கப்பட்ட கேள்விகளில் அது ஒன்றே கேள்வி என்பது இரவு வீடு திரும்பிய பிறகுதான் நமக்கு உறைத்தது. மற்றவர்கள் கேட்டதெல்லாம் எத்தனை ஆண்டுப் பழமை, சிந்துவெளிக்கு முன்னா பின்னா என்பதே.

பையனின் சட்டையில் இருந்தது 'நைல்' என்ற இசைக்குழுவின் பெயர். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்ற ஊரில் 1993இல் தொடங்கப்பட்டது. இசைவகை டெத் மெட்டல். பாடுபொருள் முழுக்க முழுக்கப் பண்டை எகிப்து. கிதார் வாசித்துப் பாட்டெழுதும் கார்ல் சாண்டர்ஸ் தொடக்ககால ஆல்பங்களின் கையேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் விளக்கக் குறிப்பு எழுதினார். எந்தச் சாவுச் சடங்கிலிருந்து, எந்தப் பாப்பிரஸ் சுருளிலிருந்து, எந்தக் கல்லறைச் சுவரிலிருந்து அந்தப் பாட்டு பிறந்தது என்று சொல்லும் குறிப்புகள் அவை. சங்கப் பாட்டைச் சினிமாவுக்கு எடுத்தாளும் நம் பாடலாசிரியர்களில் எத்தனைபேர் மூலத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். விரல்கள் மிஞ்சும்.

2002இல் வெளிவந்த 'இன் தெயர் டார்க்கன்ட் ஷ்ரைன்ஸ்' ஆல்பத்தில் 11 நிமிடங்களுக்கு மேல் ஓடும் ஒரு பாட்டு உண்டு. உனாஸ் என்ற மன்னனைப் பற்றியது. ஐந்தாம் அரச மரபின் கடைசி மன்னன் அவன், கி.மு. 24ஆம் நூற்றாண்டினன். சக்காராவில் உள்ள அவனுடைய பிரமிடின் உட்சுவரில் செதுக்கப்பட்ட பாடல் ஒன்றை ஆய்வாளர்கள் 'நரமாமிசத் துதி' என்று குறிக்கிறார்கள். இறந்த மன்னன் வானத்துக்கு ஏறித் தேவர்களையே வேட்டையாடிச் சமைத்து உண்கிறான். பெரிய தேவர்கள் காலை உணவு, நடுத்தரமானவர்கள் மாலைக்கு, சிறியவர்கள் இரவுக்கு. கிழட்டுத் தேவர்கள் புகைக்கும் அடுப்புக்கும். இதை எந்த இசையில் பாடுவது? புல்லாங்குழலிலா?

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் கலிங்கத்துப்பரணி நினைவுக்கு வராவிட்டால் அவன் படித்ததில் ஏதோ கோளாறு. செயங்கொண்டாரின் பேய்கள் களத்தில் கூழ் சமைக்கின்றன. வெட்டுண்டு விழுந்த யானையின் உடலே அங்கே பானை. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று வரிசையில் நிறுத்திக் கூழ் வார்க்கிறார்கள். பசியும் குரூரமும் கேலியும் ஒரே கலத்தில் கொதிக்கின்றன. அந்தச் சந்தத்தை வாய்விட்டுப் படித்தவர்களுக்குத் தெரியும், அது காதை வருடுவதற்காக அமைக்கப்பட்டதல்ல. முரசும் குளம்பொலியுமாக நெஞ்சில் ஏறி மிதிக்கும் சந்தம் அது. நைல் குழுவில் 2004 முதல் டிரம்ஸ் வாசிக்கும் கிரேக்கர் ஜார்ஜ் கோலியாஸின் இரு கால்களும் நிமிடத்துக்கு 250 தட்டுகளைத் தாண்டும் வேகத்தில் ஓடுகின்றன. வித்தை காட்டுவதற்காக மட்டும் அல்ல. தாளம் நம் இதயத் துடிப்பை விட்டு விலகி எங்கோ போய்விட வேண்டும் என்பதற்காக. நம் அளவில் இருக்கிற எதுவும் அந்த உலகத்தில் நுழைய முடியாது.

குரலைப் பற்றி ஒரு சொல். உறுமுகிறார்கள், கத்துகிறார்கள், சொல் புரியவில்லை என்பது பெரியவர்களின் முதல் புகார். அது வெறும் கத்தல் அன்று. குரல்நாண்களுக்கு மேலே உள்ள போலிக் குரல்நாண்களை அதிரவைத்து எழுப்பும், பயிற்சியால் மட்டுமே கைவரும் முறை. அதைக்கூட விடுவோம். மாசி மாதம் மயானக் கொள்ளை பார்த்திருக்கிறீர்கள். பம்பையும் உடுக்கையும் அதிர, அங்காளம்மன் ஏறிய ஆளின் தொண்டையிலிருந்து வரும் குரல் எப்படிப்பட்டது? அந்தக் குரலைப் பற்றிச் சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாக வியந்து எழுதியிருக்கிறோம். நாட்டார் மரபின் வீரியம் என்றோம், தொல்மனத்தின் பீறிடல் என்றோம். தெருக்கூத்தில் துரியோதனன் வேடக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து எழுப்பும் உறுமலுக்கு ஆய்வேடுகளே உண்டு. அதே குரல் மின்கிதாருக்கு முன்னால், ஆற்றங்கரைக் குடியிருப்பின் தகரக் கூரைக்குக் கீழிருந்து வரும்போது மட்டும் அது இரைச்சல். நமக்குப் பிடித்த பேய்கள் பழைய பேய்கள். அவற்றையும் யாராவது ஆய்வு செய்து முடித்த பிறகுதான் நமக்குப் பிடிக்கும்.

அடுத்த புகார், அமெரிக்கனுக்கும் எகிப்துக்கும் என்ன உறவு என்பது. இதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. நைலின் முதல் முழு ஆல்பம் 1998இல் வந்தது. அதன் தலைப்பிலேயே இடம்பெறும் நெஃப்ரன்-கா என்ற மன்னன் எகிப்தை ஆண்டவனே அல்லன், லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்கக் கதாசிரியரின் கற்பனை. 'கீழைத்தேயம்' என்றதும் சினிமாவில் பாம்பாட்டிக்கு வாசிக்கும் அதே சுரவரிசையை இவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். 2009க்குப் பிறகு வந்த ஆல்பங்களில் பாதி நமக்கு அலுப்பையே தந்தன. ஒரே சூத்திரம், ஒரே வேகம். ஆனால் எகிப்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1997 ஜனவரியில் மெட்டல் இசை கேட்ட இளைஞர்கள் ஏறக்குறைய நூறுபேரைச் சாத்தான் வழிபாட்டுக்காரர்கள் என்று அந்நாட்டுக் காவல்துறை பிடித்துக்கொண்டு போனது. பாரோக்களின் சவப்பெட்டிகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டிய அரசு, அந்தச் சாவைத் தன் காதுகளால் கேட்க விரும்பிய பிள்ளைகளைச் சிறையில் வைத்தது. அதன் பிறகும் கெய்ரோவில் 'ஸ்கேரப்' போன்ற குழுக்கள் தங்கள் முன்னோரைத் தாங்களே பாடின. சொந்த வீட்டுச் சாவைப் பாடச் சொந்தக்காரனுக்கு அனுமதி மறுத்துவிட்டு, அயலான் பாடுகிறானே என்று வருந்துவது அபத்தம்.

உறவு என்ற பேச்சை எடுத்ததால் இன்னொன்று. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் பாடம் செய்த உடலில், மூக்குத் துளைகளுக்குள் மிளகு வைத்திருந்தார்கள். மிளகு எந்த மலைச்சாரலில் விளைவது என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கடற்கரையில் குசேர் அல் காதிமில் கிடைத்த ஓட்டில் தமிழ்பிராமி எழுத்தில் 'பானை உறி' என்ற பொருள்படும் சொற்கள் கீறப்பட்டுள்ளன. பெரனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் கிடைத்த இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. பொழிச்சலூர்ப் பையன் பிரமிடு படம் போட்ட சட்டை அணிவது அப்படியொன்றும் உறவற்ற செயல் அல்ல.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில் பல்லாவரம். 1863 மே 30ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால வரலாறு தொடங்கியது அந்தக் கல்லிலிருந்துதான். அடுத்த சில பத்தாண்டுகளில் அலெக்சாண்டர் ரீ அதே ஊரில் சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டார். பல கால்கள் வைத்த மண்தொட்டிகள், உள்ளே எலும்பு. இதே ரீதான் பிறகு ஆதிச்சநல்லூருக்குப் போனவர். நைலின் 2002 ஆல்பத்தில் 'சர்க்கோஃபகஸ்' என்றொரு பாட்டு இருக்கிறது, பொருள் ஈமப்பேழை. பையன் அதை மனப்பாடமாகப் பாடுவான். தன் வீட்டிலிருந்து ஒரு நடை தூரத்தில் ஈமப்பேழை கிடைத்தது என்பதை இருபது வயதுவரை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளியும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

நாம் சொன்னது வேறு. தொன்மை, பெருமை, மூத்தகுடி. சிவகளைத் தாழிக்குள் இருந்த நெல்லுக்கு 3200 ஆண்டு என்று 2021இல் அறிவித்தபோது தெருத்தெருவாகக் கொண்டாடினோம். அறிவியல் முடிவு, மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த நெல்லைத் தாழிக்குள் இட்ட கை யாருடையது, செத்தவனுக்குப் பசிக்கும் என்று நம்பிய அந்த மனம் எப்படிப்பட்டது என்று எழுதிய ஒரு கவிதையையும் அவ்வாண்டு எந்த இதழிலும் நாம் படிக்கவில்லை. கீழடி என்றால் பேனர், கொந்தகை என்றால் மௌனம். கீழடியில் வாழ்ந்தவர்களைப் புதைத்த இடம் கொந்தகை என்பதாலா?

நம் முன்னோர் இப்படி இருந்ததில்லை. புறநானூற்றில் ஒருத்தி, இறந்த கணவனுக்குத் தாழி வனையும் குயவனிடம், தனக்கும் இடமிருக்கும்படி அதை அகலமாகச் செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ஐயூர் முடவனார் வேறொரு குயவனைப் பார்த்து, இத்தனை பெரிய மன்னனை அடக்க எத்தனை பெரிய தாழியை வனைவாய் என்று இரங்குகிறார். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் சுடுவது முதல் தாழியில் கவிப்பது வரை பிணம் போகும் வழிகளை அடுக்கிக் காட்டிவிட்டு, அங்கே வழிதவறி வந்து பேயைக் கண்டு பயந்தே செத்துப்போன சார்ங்கலன் என்ற சிறுவனின் கதையைச் சொல்கிறது. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இருந்துகொண்டே பாடினார். பால் கொடுத்துவிட்டுப் போன தாய்ப்பேய் திரும்பாததால் அழுது அழுதே தூங்கிவிடும் பேய்க்குழந்தையை அந்தப் பாட்டில் கண்டவர்களுக்கு டெத் மெட்டல் எந்த அதிர்ச்சியையும் தராது. இவற்றையெல்லாம் நாம் என்ன செய்தோம்? பதிகத்தைப் பக்திக்குக் கொடுத்தோம், பரணியை வீரத்துக்குக் கொடுத்தோம், புறநானூற்றைப் பட்டிமன்றத்துக்குக் கொடுத்தோம். அச்சம் மட்டும் எவருக்கும் வேண்டாததாயிற்று. அதைத் தேடிப் பிள்ளைகள் சக்காராவுக்குப் போகிறார்கள்.

முடியாத காரியமா என்றால், இல்லை. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய 'ருத்ரா' குழு இதே இசையில் உபநிடதங்களையும் அத்வைதத்தையும் பாடுகிறது. பாடகர் கதிரும் தோழர்களும் தென்னிந்திய வழிவந்தவர்கள். 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த அவர்களுடைய 'பிரம்மவித்யா' மூன்று ஆல்பங்களும் தத்துவ நூல்களைப் படித்துச் செரித்தவர்களின் வேலை. 'வேத மெட்டல்' என்று ஒரு பெயரே அதனால் நிலைத்தது. அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் பாடுவதை ஒரு குறையாக நாம் சொல்லவில்லை, அது அவர்கள் தேர்ந்த பாதை. தமிழ்நாட்டில் தமிழ்த்துறைகள் இத்தனை இருந்தும் அம்மையாரின் பதிகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கிதார்க்காரனிடம் போன தமிழறிஞர் ஒருவரை நாம் பார்த்ததில்லை என்பதுதான் வருத்தம்.

பையன்களுக்கும் ஒரு வார்த்தை. அனுபிஸையும் ஓசிரிஸையும் அட்டைப்படத்துக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் உங்களிலும் உண்டு. சாண்டர்ஸ் புத்தகம் படித்தார், நீங்கள் சாண்டர்ஸின் சட்டையை வாங்கினீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

சென்ற வாரம் மாடிப்படி இறங்கிப் போய்ப் பையனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "பரவால்ல சார்" என்றான். பரணியில் களம் பாடிய பகுதியையும் மூத்த திருப்பதிகத்தையும் உரையோடு நகலெடுத்துக் கொடுத்தோம். மூன்றாம் நாளே மேலே ஏறி வந்தான். உரையை விட்டுவிட்டு மூலத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னான், நாம் படிக்கப் படிக்க முழங்கால்மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு இடங்களில் நிறுத்தி, சீரை எங்கே உடைக்கிறோம் என்று கேட்டான். ஒன்றுக்கு நம்மிடம் பதில் இல்லை. பிறகு பல்லாவரத்துப் பேழையைப் பார்க்க வேண்டும் என்றான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை என்றால் வட திருநள்ளாறு என்று பெயர்பெற்ற நம்மூர்க் கோயிலில் எள் தீபம் ஏற்ற வரும் கூட்டம், ஷேர் ஆட்டோ கிடைக்காது. ஞாயிறு காலை போவதாக இருக்கிறோம்.