கண்ணா மரத்தைக் காட்ட ஒருவர் வேண்டும்

பல்கலைக்கழகம் போன ராத்தாமாரும் காக்காமாரும் பழைய பாடசாலையின் படியேறி வருவது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது நடத்தும் இலவசக் கருத்தரங்கு. மற்றது, ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்கு நிதி சேர்க்கும் டிக்கட் புத்தகம். இரண்டும் நல்ல காரியங்களே. கருத்தரங்கில் அவர்கள் தரும் குறிப்புகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளாத மாணவி எங்கள் வகுப்பில் இல்லை. ஆனால் மூன்றாவது ஒரு காரியத்துக்காகவும் அவர்கள் வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தாங்கள் படிக்கும் விலங்கியலையும் தாவரவியலையும் கொண்டுவந்து, எங்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, எங்கள் ஊரின் மரத்தையும் பறவையையும் எங்கள் மொழியில் காட்டித்தர வர வேண்டும். அப்படி வருகிறவர்களுக்குப் பாடசாலையும் பெற்றோரும் கதவைத் திறந்துவிட வேண்டும்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டை வரைந்து பெயரிடச் சொன்னால் நானும் என் தோழியரும் கண்ணை மூடிக்கொண்டு வரைவோம். முள்ளந்தண்டுளிகளின் வகுப்புகளை இயல்புகளோடு வரிசையாகச் சொல்வோம். காலையில் பாடசாலைக்கு வரும் வழியில் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் நான்கு பறவைகளைக் காட்டி இவை எவை என்று கேட்டால், காகம், மைனா என்பதோடு எங்களில் பலர் நின்றுவிடுவோம். இதை எங்கள் ஆசிரியைகளின் குறையாக நான் சொல்லவில்லை. பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது. இசட் புள்ளி விடைத்தாளைத்தான் பார்க்கும், வாவிக்கரையைப் பார்க்காது. ஆகவே ஆசிரியைகளுக்குச் செய்ய நேரமில்லாத ஒரு வேலை அப்படியே கிடக்கிறது. அதைச் செய்யப் பொருத்தமானவர்கள் பல்கலைக்கழக மாணவர்களே.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை காலையில், பல்கலைக்கழகமொன்றின் விஞ்ஞான மாணவர்கள் ஐந்து பேர் எங்கள் பாடசாலைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் மூவர் பெண்கள். ஒருவர் எங்கள் பாடசாலையின் பழைய மாணவி. புரொஜெக்டர் எதுவும் கொண்டுவரவில்லை. இரண்டு ஆசிரியைகளின் துணையோடு எங்களை வாவிக்கரைக்கு நடத்தியே கூட்டிச் சென்றார்கள். பத்து நிமிட நடை. அங்கே நின்ற ஒரு சிறிய மரத்தின் இலையைப் பறித்துத் தந்து, "நாக்கு நுனியில வெச்சுப் பாருங்க" என்றார் அந்த ராத்தா. உப்புக் கரித்தது.

அதன் பிறகு அவர் சொன்னதை யாரும் குறிப்பெடுக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் இன்றுவரை நினைவிருக்கிறது. உவர்நீரில் வாழும் அந்த மரம், மிகுதியான உப்பை இலைகளில் உள்ள சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. சேற்றுக்குள் ஒட்சிசன் மிகக் குறைவு. எனவே அதன் வேர்கள், பென்சில்களை நட்டுவைத்தது போல, சேற்றுக்கு மேலே வளர்ந்து வந்து காற்றை எடுக்கின்றன. மூச்சுவேர் என்று நாங்கள் புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருந்த சொல் அன்றைக்கு எங்கள் காலைக் குத்தியது.

மரத்தின் பெயரை அவர் கேட்டார். என் மூத்தம்மா அதைக் கண்ணா என்பார். ஆட்டுக்குக் குழை ஒடித்துவரச் சொல்வார். எங்கள் உயிரியல் குறிப்பில் கண்டல் தாவரங்களுக்கு உதாரணமாக அவிசீனியா என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று அன்றுவரை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதைவிடப் பெரிய வியப்பு அடுத்து வந்தது. அவிசீனா என்பது மேற்குலகம் இப்னு ஸீனாவுக்கு வழங்கிய பெயர். 980ஆம் ஆண்டு புகாராவுக்கு அருகே பிறந்து 1037இல் மறைந்த அந்த மருத்துவ மேதையின் பெயரையே, சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்த மரச் சாதிக்கு வைத்தார். மீலாத் போட்டிகளில் இப்னு ஸீனாவைப் பற்றி எத்தனை பேச்சுகள் பேசியிருக்கிறோம்! அவருடைய பெயரைத் தாங்கிய மரம், பாடசாலையிலிருந்து பத்து நிமிட நடையில், கிளைகளில் பொலித்தீன் பைகள் சிக்கியபடி நின்றுகொண்டிருக்கிறது.

இதைச் சொல்லித்தரப் பல்கலைக்கழக மாணவர்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மொழி. விஞ்ஞான பீடங்களில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பறவைகள் பற்றிய நல்ல வழிகாட்டி நூல்களும் கைத்தொலைபேசிச் செயலிகளும் அநேகமாக ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. மூத்தம்மாவுக்குக் கண்ணா தெரியும். விரிவுரை மண்டபத்துக்கு அவிசீனியா தெரியும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் எழுதிவிட்டு ஆங்கிலத்தில் பட்டப்படிப்புப் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இரண்டும் தெரியும். அந்த இரண்டையும் சேர்த்துத்தர அவரைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது, வயது. பெரிய பேராசிரியர் ஒருவர் வந்தால் நாங்கள் எழுந்து நின்று ஸலாம் சொல்லி, அமைதியாகக் கேட்டுவிட்டு, நன்றியுரையோடு அனுப்பிவிடுவோம். மூன்று நான்கு வயது மட்டுமே மூத்த ஒரு ராத்தாவிடம் எந்தக் கேள்வியையும் கேட்கலாம். நண்டுக்கு ஏன் ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கிறது என்று அன்று ஒருத்தி கேட்டாள். அது ஆண் நண்டு, பெண்ணைக் கவரவும் மற்ற ஆண்களை விரட்டவும் அந்தக் கையை ஆட்டிக் காட்டும் என்று சிரிக்காமல் பதில் வந்தது.

மூன்றாவது, முன்மாதிரி. விஞ்ஞானப் பிரிவு என்றால் வைத்தியர், கிடைக்காவிட்டால் வேறு ஏதாவது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அபாயா அணிந்து, காலில் சேறு அப்பியிருக்க, கையில் தொலைநோக்கியோடு நிற்கும் ஒரு விலங்கியல் மாணவியைக் கண்ட பிறகுதான், அப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது என்பது எங்களில் பலருக்கு உறைத்தது.

இளையவர்கள் தொடங்கிவைத்த காரியங்கள் சிறியவையாகவே நின்றுவிடுவதில்லை. ஐநெச்சுரலிஸ்ட் என்ற செயலியை எடுத்துக்கொள்வோம். பூச்சியையோ பூவையோ படம் எடுத்துப் போட்டால், அது என்ன இனம் என்று உலகெங்கும் உள்ளவர்கள் கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு அது. 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்பின் இறுதிச் செயற்றிட்டமாக மூன்று மாணவர்கள் அதைத் தொடங்கினார்கள். இன்று விஞ்ஞானிகளும் தங்கள் ஆய்வுகளுக்கு அதன் பதிவுகளைப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையைத் தளமாகக் கொண்டு 1976இல் உருவான இலங்கைக் களப் பறவையியல் குழு, பறவை பார்க்கும் பழக்கத்தைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. தெஹிவளை மிருகக்காட்சிசாலையைச் சார்ந்து இயங்கும் இளம் விலங்கியலாளர் சங்கத்தில், மூத்த இளைஞர்களே தங்களைவிட இளையவர்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

ஆனால் கொழும்பு எங்களுக்கு ஓர் இரவு பஸ் பயணம். வாவிக்கரையில் வாழும் தமிழ்மொழி மூல மாணவி ஒருத்தி, ஞாயிறுதோறும் தெஹிவளைக்குப் போக முடியாது. எனவே அந்தப் பழக்கம் இங்கே வர வேண்டும். கிழக்கிலும் வடக்கிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் படிக்கிறார்கள். ஊருக்கு விடுமுறையில் வரும்போது ஒரு சனிக்கிழமையைத் தந்தால் போதும்.

வருகிறவர்களிடமும் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. ஜூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று மட்டும் வந்து, ஒரு மரக்கன்றை நட்டு, அதிபரோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அந்தக் கன்றுக்கு ஜூலை மாதத்தில் தண்ணீர் ஊற்ற யாரும் இருப்பதில்லை. ஒரே பாடசாலைக்கு வருடத்தில் மூன்று தடவை வாருங்கள். உயர்தர மாணவியரைவிட ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளிடம் முதலில் போங்கள். அவர்களுக்குப் பரீட்சைப் பயம் இன்னும் வரவில்லை. சுற்றாடல் முன்னோடிப் படையணி ஏற்கெனவே பாடசாலைகளில் இருக்கிறது, அதனோடு சேர்ந்து வேலை செய்யலாம். எங்கள் மீனவர்களிடமும் மூத்தம்மாமாரிடமும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கொண்டுவரும் அறிவைப் போலவே அதுவும் அறிவுதான். அவர்களோடு அந்தப் பெயர்கள் மறைந்துவிட்டால் எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது.

இனி, அன்புக்குரிய பெற்றோரிடம் ஒரு வார்த்தை. எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அன்று வாவிக்கரைக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். மற்றவர்களின் அனுமதிக் கடிதத்தில் கையொப்பம் விழவில்லை. வகுப்பிலேயே மிக அழகாகத் தாவரங்களை வரைகின்ற தோழியும் வராதவர்களில் ஒருத்தி. ஒரு வீட்டில் ரியூஷன் தவறிவிடும் என்றார்கள். இன்னொரு வீட்டில், பெண்பிள்ளைகளுக்குச் சேற்றுக்குள் என்ன வேலை என்றார்கள்.

ரியூஷனைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஒரு காலைப் பொழுது உண்மையில் போனது. ஆனால் கண்டல் தாவரங்களின் இசைவாக்கங்களை நான் திரும்பப் பாடமாக்க வேண்டிய தேவை அதன் பிறகு வரவில்லை. அடுத்தது, எங்கள் பாதுகாப்புப் பற்றிய உங்கள் கவலை. அது நியாயமானது. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆசிரியைகள் கூட வரட்டும். வழிகாட்டுகிறவர்களில் பெண்கள் இருக்கட்டும். இடம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கட்டும். உம்மாமாரும் விரும்பினால் வரலாம். அன்று ஒரு தோழியின் உம்மா எங்களோடு வந்தார். எங்கள் எல்லோரையும்விட அதிகம் கேள்வி கேட்டவர் அவர்தான். நஹ்ல், நம்ல், அன்கபூத் என்று தேனீயின் பெயரிலும் எறும்பின் பெயரிலும் சிலந்தியின் பெயரிலும் அமைந்த சூராக்களைச் சிறு வயதிலேயே ஓதப் பழக்கிய நீங்கள், அந்தப் படைப்புகளைக் கிட்டப்போய்ப் பார்க்க அனுமதிக்கத் தயங்க வேண்டியதில்லை.

இது வெறும் பொழுதுபோக்கு என்றால் நான் இவ்வளவு வற்புறுத்தமாட்டேன். பக்கத்து அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில், குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று எட்டு ஆண்டுகளில் இருபதளவு யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வந்தன. அங்கே கொட்டப்பட்டது சுற்றியுள்ள ஊர்களின் குப்பை. எங்கள் வாவிக்கரையிலும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. வீடு இடித்த கல்லும் மண்ணும் கண்ணா மரங்களின் மேல் கொட்டப்படுகின்றன. அதன் வேர்களுக்கிடையில்தான் இறாலும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன என்பதும், மூச்சுவேர் மூடப்பட்டால் மரம் மூச்சுத் திணறிப் பட்டுப்போகும் என்பதும் கொட்டுகிறவருக்குத் தெரியாது. அவர் கெட்டவர் அல்லர். அந்த மரத்தை அவருக்கு யாரும் காட்டித்தரவில்லை. பெயர் தெரியாத ஒன்று அழிந்தால் யாரும் தேடுவதில்லை. ஆறாம் தரத்தில் அந்த இலையை நாக்கில் வைத்துப் பார்த்த பிள்ளை, நாளை தன் வாப்பா அங்கே மண் கொட்டப் போனால் கையைப் பிடித்து மறிப்பாள்.

ஒக்டோபர் மாதமளவில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி இலங்கைக்கு வரும். பச்சை முதுகும் சிவந்த அடிவாலும் உள்ள அந்தச் சிறு பறவை, காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயரைப் பெற்றது. அது நம் வளவுகளுக்குள்ளும் வந்து சருகுகளைக் கிளறி இரை தேடும். அதற்குள் பாடசாலை நிருவாகம் ஒரு வேலை செய்யலாம். விஞ்ஞான பீடங்களில் படிக்கும் நம் பழைய மாணவியரின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்து, அவர்களுக்கு ஓர் அழைப்பு அனுப்பலாம். உயர்தர மாணவியராகிய நாங்கள் அவர்களுக்குத் துணையாக நின்று, ஆறாம் தரப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து அழைத்துச் செல்வோம். இன்ஷா அல்லாஹ், எங்களுக்கும் பல்கலைக்கழகம் கிடைத்தால், வருடத்தில் மூன்று சனிக்கிழமைகளை இந்தப் பாடசாலைக்கு நாங்களும் தருவோம். இந்த வருட அழைப்புக் கடிதத்தை எழுதும் பொறுப்பை எங்கள் உயிரியல் வகுப்பு ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறது. வீட்டுக்கு வரும் அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிடும் பொறுப்பு மட்டும் உங்களுடையது.