பணியின் கடிவாளம் யார் கையில்?

வாழ்வின் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் காரணம் ஊழா, முயற்சியா என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்தில் கூறிய வள்ளுவர், ஆள்வினையுடைமையை மற்றோர் அதிகாரத்தில் போற்றினார். இதனை முரண் என்று கொள்வாரும் உளர்; வாழ்வின் இரு பக்கங்களையும் கண்ட சான்றோரின் கூற்று என்றே நாம் கொள்கிறோம். இப்பழைய வினாவை இருபதாம் நூற்றாண்டின் உளவியலார் பணிக்களத்திற்குக் கொண்டுவந்தனர்.

அகமும் புறமும்

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜூலியன் ராட்டர் 1966-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் 29 இணைக் கூற்றுகள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் தமக்கு உடன்பாடான ஒன்றை விடையளிப்போர் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தமக்கு நேர்வனவற்றிற்குத் தம் செயலே பெரிதும் காரணம் என நம்புவோரை அகச்சார்பினர் எனலாம். நற்பேறு, தற்செயல், பிறருடைய அதிகாரம் ஆகியனவே காரணம் என நம்புவோரைப் புறச்சார்பினர் எனலாம். மாந்தர் இவ்வாறு இரு கூறாகப் பிரிந்து நிற்பதில்லை. இருமுனைக்கும் இடையிலேயே பெரும்பாலோர் உள்ளனர்.

பின்னர், பால் ஸ்பெக்டர் 1988-இல் பணிவாழ்வுக்கென்றே 16 கூற்றுகள் கொண்ட அளவுகோலை அமைத்தார். அகச்சார்பு மிக்கோர்க்குப் பணிநிறைவு கூடுதலாகவும் மனஇறுக்கம் குறைவாகவும் அமைதலே இத்துறை ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படும் போக்கு. இதன் காரணத்தை உணர்தல் அரிதன்று. விண்ணப்பம் மறுக்கப்பட்டபோது, ‘எங்கே குறை?’ என்று தேடுபவர் அடுத்த விண்ணப்பத்தைச் செம்மைப்படுத்துவார். ‘எனக்குக் கொடுப்பினை இல்லை’ என்று சோர்பவர் அதனை எழுதவே மாட்டார்.

குறை யாருடையது?

இந்த ஒன்றையே பற்றிக்கொண்டு, ‘உன் மனத்தை மாற்று, எல்லாம் மாறும்’ என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். இதனை நம்மால் முழுவதும் ஏற்க இயலவில்லை. உள்ளம் பணியை வடிவமைப்பது போலவே பணியும் உள்ளத்தை வடிவமைக்கிறது. மெல்வின் கோன், கார்மி ஸ்கூலர் ஆகிய ஆய்வாளர்கள், 1964-இல் நேர்காணப்பட்ட அமெரிக்க ஆடவருள் ஒரு பகுதியினரை 1974-இல் மீண்டும் ஆராய்ந்தனர். சிந்தித்து முடிவெடுக்க இடமளிக்கும் பணி, அதனைச் செய்பவரின் அறிவு நெகிழ்வை வளர்க்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இலண்டன் அரசு அலுவலர் 10,308 பேரிடம் 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வும் இங்கு நோக்கத்தக்கது. தம் பணியில் முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்க்கு இதயநோய் இடர் மிகுதி என்று அவ்வாய்வின் வழி 1997-இல் வெளியான கட்டுரை தெரிவித்தது. அவர்கள் சுரங்கத்திலோ ஆலையிலோ உடல் வருந்தியவர்கள் அல்லர். அலுவலகத்தில் அமர்ந்து பணியாற்றியவர்கள். உரிமையின்மை மனக்குறையாக மட்டும் நில்லாது உடலையும் தொடர்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

எனவே, எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்பதைக்கூடத் தாமே முடிவு செய்ய இயலாத எழுத்தரைப் பார்த்து, ‘உமக்குத் தன்னம்பிக்கை போதாது’ என்பது அறமாகாது. ‘சொன்னதைச் செய்’ என்னும் ஒரு சொல்லையே பல்லாண்டு கேட்டவர் தாமாக ஒன்றைத் தொடங்கத் தயங்கினால், அதனைப் பிறவிக் குணம் என்று தள்ளிவிடலாமா? அது பழக்கிய கையின் குற்றமுமன்றோ?

நாம் செய்யத்தக்கவை

பணி தேடிப் புறப்படும் மாணவர், தம் கையில் உள்ளது எது, இல்லாதது எது எனப் பகுத்துணர்தல் வேண்டும். ஆயத்தமும் காலந்தவறாமையும் நம் கையில் உள்ளன. காலியிடங்களின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. முன்னதில் சோம்புதலும் பின்னதற்காகத் தம்மையே நொந்துகொள்ளுதலும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன.

நிறுவனம் நடத்தும் பெரியோர்க்கும் ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. தமிழ்மன்ற விழாவின் தலைப்பையும் சிறப்பு விருந்தினரையும் நாமே முடிவுசெய்துவிட்டு, நாற்காலி அடுக்குவதை மட்டும் மாணவரிடம் ஒப்படைத்தால், முடிவெடுக்கும் ஆற்றலை அவர்கள் எங்கே பயில்வர்? தவறு நேரினும் நேரட்டும்; ஒரு நிகழ்ச்சியையேனும் முழுமையாக அவர்களிடம் விடுவோம். முயலுதல் தனிமனிதர் கடன். முயல்வதற்கு இடமளித்தல் அவரை ஆள்வோர் கடன்.