முதலில் வழக்குக் கட்டைப் பிரியுங்கள்

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒருவர் 88 டாலர் 30 சென்டுக்குப் போலிக் காசோலை கொடுத்த வழக்கில் சிக்கினார். அதற்குச் சட்டத்தில் இருந்த தண்டனை 2 முதல் 10 ஆண்டுகள். 'குற்றத்தை ஒப்புக்கொண்டால் 5 ஆண்டுக்குப் பரிந்துரைக்கிறேன். விசாரணைதான் வேண்டுமென்றால் உன் பழைய இரண்டு தண்டனைகளைக் காட்டி, தொடர் குற்றவாளிகளுக்கான சட்டத்தையும் சேர்ப்பேன்' என்றார் அரசு வழக்கறிஞர். குற்றம் சாட்டப்பட்டவர் மசியவில்லை. சொன்னபடியே சட்டப்பிரிவு ஏறியது, ஆயுள் தண்டனை விழுந்தது. காசோலை அதேதான், கூடுதலாக அவர் செய்தது, விசாரணை கேட்டது மட்டுமே. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதில் பிழையில்லை என்றது.

மனிதர்களின் உயிர், சுதந்திரம், நற்பெயர் மீது அரசு வழக்கறிஞருக்கு இருக்கும் பிடி அந்நாட்டில் வேறு யாருக்கும் இல்லை என்று அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஜாக்சன் 1940இலேயே தன் துறை வழக்கறிஞர்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். அந்தப் பிடி இன்று இன்னும் இறுகியிருக்கிறது. மத்திய நீதிமன்றங்களில் நூற்றுக்கு 97, மாநிலங்களில் 94 தண்டனைகள் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருபவை என்று 2012இல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. சினிமாவில் நாம் பார்க்கும் ஜூரியும் குறுக்கு விசாரணையும் மிச்சமுள்ள சொற்ப வழக்குகளுக்குத்தான். தீர்ப்பு பேரத்தில் முடிகிறதென்றால், பேரம் பேசுபவர் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பது எதிரிலிருப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை மறைக்கக் கூடாது என்று 1963லேயே தீர்ப்பு இருக்கிறதே எனலாம். ஆனால், அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் தகவலைப் பேரத்துக்கு முன்பே தர வேண்டியதில்லை என்று 2002இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறைத்தவருக்குத் தண்டனையும் அரிது. நியூ ஆர்லியன்ஸில் ஒரு கொள்ளை வழக்கில் குற்றவாளி சிந்திய ரத்தம் 'பி' வகை என்ற ஆய்வக அறிக்கையை அரசுத் தரப்பு ஒளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருடையதோ 'ஓ'. அந்தக் கொள்ளைத் தண்டனையின் நிழல் அவர்மேல் இருந்த கொலை வழக்கிலும் விழுந்தது. 18 ஆண்டுகள் சிறையில் இருந்தார், அதில் 14 மரண தண்டனைக் கொட்டடியில். ஜூரி கொடுத்த 1.4 கோடி டாலர் இழப்பீட்டையும் 2011இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு நடத்துவதில் செய்யும் காரியங்களுக்காக அரசு வழக்கறிஞர்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்பது 1976 முதல் உள்ள விதி.

பெரும்பாலான மாநிலங்களில் அரசு வழக்கறிஞர்கள் தேர்தலில் வென்று வருகிறார்கள், மக்கள் கேள்வி கேட்கட்டும் என்பார்கள். பல மாவட்டங்களில் எதிர்த்து நிற்கவே ஆளில்லை. இருந்தாலும், கதவடைத்த அறையில் நடந்த பேரம் வாக்காளருக்கு எப்படித் தெரியும்? பேரம் இல்லாவிட்டால் நீதிமன்றங்கள் திணறிப்போகும் என்ற வாதம் உண்மையே. பேரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, வழக்குக் கட்டைப் பிரித்துவைத்துப் பேசச் சொல்கிறேன். சாட்சிக்கு ஆபத்து என்றால் அந்தத் தாளை மட்டும் மறைக்க நீதிபதியிடம் உத்தரவு வாங்கட்டும்.

இது நடக்காத காரியமல்ல. மரண தண்டனைக்குப் பேர்போன டெக்சாஸே செய்திருக்கிறது. செய்யாத கொலைக்காக ஒருவர் ஏறக்குறைய 25 ஆண்டுகள் சிறையிலிருந்த வழக்கு அம்பலமான பிறகு, அங்கே 2013இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, குற்றத்தை ஒப்புக்கொள்வதை நீதிமன்றம் ஏற்கும் முன்பு, அரசுத் தரப்பு என்னென்ன கொடுத்தது என்ற பட்டியலை இரு தரப்பும் எழுத்திலோ நீதிமன்றப் பதிவிலோ உறுதிசெய்ய வேண்டும்.