ராணியின் படையெடுப்பு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நமது இல்லத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்தன. ஐந்துக்கும் அதிபதி நம் தம்பியின் மகள், வயது பத்து. கைப்பேசியில், முகம் தெரியாத எதிரிகளோடு, ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று கெடு வைத்து ஆடும் 'பிளிட்ஸ்' சதுரங்கத்தில் நேர்ந்த விபத்து அது.

"இனிமேல் இந்த ஆட்டமே வேண்டாம், பெரியப்பா! எனக்கு மூளையே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். சதுரங்கத்தில் தோற்பது பெரிய விஷயமல்ல. நாம் தோற்காத நாளே கிடையாது. ஆனால் பத்து வயதுக் குழந்தை தனக்கு மூளை இல்லை என்று தீர்ப்பெழுதிக் கொள்வது சாமானிய விஷயமா? ஆகவே வழக்கை மறு விசாரணைக்கு எடுத்துக் கொண்டோம்.

ஐந்து ஆட்டங்களிலும் எதிரி செய்தது ஒன்றே. முதலில் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினான்; இவளும் அப்படியே செய்தாள். உடனே அவன் ராணி புறப்பட்டுக் குறுக்காகப் பாய்ந்து பலகையின் ஓரத்தில் வந்து நின்றாள். இரண்டு ஆட்டங்களில் குழந்தை பதறிப்போய், ராஜாவின் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளி ராணியை விரட்டப் பார்த்தாள். ராணி நடுச் சிப்பாயைத் தின்று ராஜாவுக்குச் செக் வைத்தாள்; அடுத்த நகர்த்தலில் மூலையிலிருந்த யானையும் போயிற்று.

மற்ற மூன்று ஆட்டங்களில் ராணிப் பக்கத்துக் குதிரையைக் கொண்டு நடுச் சிப்பாயைக் காத்தாள். அது சரியான ஆட்டந்தான். எதிரி மந்திரியை வெளியே கொண்டுவந்தான். இப்போது இவள் மற்றொரு குதிரையை எடுத்து ராணியைத் தாக்கினாள். எதிரி நான்காவது நகர்த்தலில் செக்மேட் செய்துவிட்டான்! ராஜாவைத் தவிர வேறு காவலில்லாத சிப்பாயின்மீது ராணியும் மந்திரியும் சேர்ந்து குறிவைத்திருந்ததை அவள் பார்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது நகர்த்தலில் யானையைப் பறிகொடுத்த அதே சிப்பாய்த் தள்ளல், மூன்றாவது நகர்த்தலில் ராஜாவைக் காப்பாற்றும். ராணி பின்வாங்கி வேறொரு கட்டத்திலிருந்து மீண்டும் அதே இடத்துக்குக் குறிவைப்பாள். அப்போது குதிரையை நடுவில் நிறுத்தி வழியை மறித்தால் போதும். படையெடுப்பு ஓய்ந்தது. நம் குதிரைகள் இரண்டும் களத்தில் நிற்கும். எதிரியின் ராணியோ தன் குதிரை நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக் கொண்டிருப்பாள்.

ஆகவே குற்றவாளி மூளை அல்ல, பதற்றம். "எதிரி இப்போது என்ன செய்யப் பார்க்கிறான்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்காமல், "இவளை எப்படி விரட்டுவது?" என்று கேட்டதுதான் பிழை. மூன்று நிமிஷம் என்பது நூற்றெண்பது விநாடி. ஆபத்தான சமயத்தில் பத்து விநாடி செலவிட்டால் குடி முழுகிவிடாது.

மகா நிபுணர்களும் இந்தச் சோதனைக்குத் தப்பியவர்களல்லர். 1918-ஆம் ஆண்டு நியூயார்க்கில் கியூபா நாட்டுக் காபபிளாங்காவுக்கு எதிராக, அமெரிக்கரான மார்ஷல் ஒரு சிப்பாயைப் பலியிட்டு உக்கிரமான தாக்குதல் தொடுத்தார். அது நிதான ஆட்டந்தான். ஆனால் நெருக்கடி இதே வகை. மார்ஷலின் குதிரை ராஜாவின் வாசலிலேயே பாய்ந்து, "என்னைத் தின்று பார்" என்று நின்றது. காபபிளாங்கா ராணியால் அதைத் தின்றிருந்தால் வலையில் விழுந்திருப்பார். அவர் யானையை ஒரு கட்டம் முன்னே நகர்த்திவிட்டுப் பேசாமலிருந்தார். செக் மேல் செக் விழுந்தபோது ராஜாவை நடத்திக்கொண்டே பலகையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார். தாக்குதல் தீர்ந்தது. பிறகு அவருடைய சிப்பாய்கள் புறப்பட்டன. முப்பத்தாறாவது நகர்த்தலில் வெற்றி அவருடையது. ஆனாலும் அந்தத் தாக்குதல் இன்றும் மார்ஷலின் பெயராலேயே வழங்குகிறது. உலகம் தாக்கியவனை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. தாங்கியவன் ஆட்டத்தை ஜயித்துக்கொண்டு போகிறான்!

இதிலிருந்து குழந்தைக்கு மூன்று பாடம் சொன்னோம். கொடுப்பதையெல்லாம் வாங்கித் தின்னாதே. முடிந்தால் ராணிக்கு ராணி வெட்டிக்கொள். ராணி போனால் பெரும்பாலான தாக்குதல்களுக்குப் பல் போயிற்று. அதிகமாகப் பெற்றிருந்தால், அதில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாவது ராஜாவைக் காப்பாற்றிக்கொள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆறாவது ஆட்டம் ஆரம்பமாயிற்று. இரண்டாவது நகர்த்தலிலேயே ராணி வந்துவிட்டாள். குழந்தையின் விரல் முன்னே போயிற்று, நின்றது, பின்னுக்கு வந்தது. நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு நிதானமாக ஒரு குதிரை, ஒரு சிப்பாய், மற்றொரு குதிரை. சற்று நேரத்துக்கெல்லாம் அகப்பட்டுக்கொண்டது எதிரியின் ராணிதான்.

முடிவில் கடிகாரம் அவளைத் தோற்கடித்துவிட்டது. ஆனால் அவள் அழவில்லை.

"நேரம் போய்விட்டது, பெரியப்பா! ஆனால் ராணியைப் பிடித்துவிட்டேன், பார்த்தீர்களா?" என்றாள்.

கைப்பேசியை அவள் கவிழ்த்து வைக்கவில்லை. ஏழாவது ஆட்டத்துக்கு நம்மை அழைத்தாள். அதன் முடிவை நேயர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று கருதுகிறோம்.