அந்த மனுவை நாம் எழுதக் கூடாது

"எங்கள் பெண்ணைக் காணோம், போலீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள்" என்று தாய் தந்தையர் சிலர் சங்கத்துக்கு வருகிறார்கள். இந்தியிலும் மராத்தியிலும் எழுதத் தெரிந்தவர்கள் இங்கே உண்டு என்பதால் வருகிறார்கள். விசாரித்தால், பெண் காணாமற்போகவில்லை. இன்னொரு பெண்ணோடு வாழப் போயிருக்கிறாள். இருக்கும் இடம்கூட வீட்டாருக்குத் தெரியும். பையன்களைப் பற்றியும் இப்படி வருகிறார்கள். போனவர்கள் 18 வயது தாண்டியவர்கள் என்றால், அந்த மனுவை நாம் எழுதக் கூடாது என்பது எங்கள் கருத்து.

ஏன்? அது பொய் மனு. போலீஸ்காரர் கையில் கொடுக்கும் கயிறு அது.

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்குப் போனார்கள். இரு வீட்டாரும் "காணவில்லை" என்று புகார் கொடுத்தார்கள். பெண்கள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்குப் புரியவேண்டும் என்று தாமே ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். படித்த நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொண்டார், நமக்கென்ன வெட்கம்? இப்படிப்பட்ட புகாரில், வயது வந்தவர்கள் விருப்பப்பட்டுப் போனார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லையின்றி வழக்கை முடிக்கவேண்டும் என்று போலீசுக்கு உத்தரவிட்டார்.

அது தமிழ்நாட்டு உத்தரவு, பம்பாய் போலீசை எப்படிக் கட்டும் என்று கேட்பீர்கள். கேள்வி சரிதான். ஆனால் கேரள வழக்கொன்றில் 2024 மார்ச் 11 அன்று சுப்ரீம் கோர்ட் எல்லா மாநில நீதிமன்றங்களுக்கும் நெறிமுறை வகுத்துவிட்டது. சம்பந்தப்பட்டவரைத் தனியே அழைத்து அவர் விருப்பத்தைக் கேட்கவேண்டும். பெற்றவர் என்பதற்காக மட்டும் அவர்கள் பக்கம் சாயக்கூடாது. புத்திமதி சொல்லி மனத்தை மாற்றப் பார்க்கக்கூடாது.

இழுத்து வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2025 மே மாதத்து வேலூர் வழக்கே போதும். 25 வயதுப் பெண்ணைப் போலீசார் வற்புறுத்தி வீட்டாரோடு அனுப்பினார்கள். வீட்டில் அடித்தார்கள், "சரியாக்க" என்று சடங்குகள் செய்தார்கள் என அவர் ஐகோர்ட்டில் சொன்னார். நீதிபதிகள் தாயிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள், பலிக்கவில்லை. பெண்ணை விடுவித்து, போலீசாரைக் கண்டித்தார்கள்.

சடங்கு மட்டுமா? டாக்டரிடமும் இழுத்துப் போகிறார்கள். இதை மாற்ற வைத்தியம் செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. காசு வாங்கிக்கொண்டு "குணமாக்குகிறேன்" என்பவரை நம்பிக் கடன்படாதீர்கள்.

ஊர் என்ன சொல்லும் என்கிறீர்கள். நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு ரயிலேறிய நம் பாட்டன்மார் பண்ணையாரிடம் உத்தரவு கேட்டா ஏறினார்கள்? டிக்கெட் கவுண்டரில் இருப்பவர்களுக்குத் தெரியும்: வயதும் போகும் ஊரும் கேட்போமே தவிர, அப்பா சம்மதித்தாரா என்று கேட்பதில்லை.

சட்டம் முழுதும் கனிந்துவிடவில்லை. 2018-ல் குற்றம் என்பது போயிற்று. 2023-ல் திருமண உரிமை மறுக்கப்பட்டது. ஆனாலும் 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், இத்தகைய இருவர் கூட்டாக பாங்க் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினி போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. வாரச் சம்பளக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல.

நாம் எழுதவேண்டிய மனு வேறு. அடைத்து வைக்கப்பட்ட பிள்ளைக்கும், மிரட்டப்படும் பிள்ளைக்கும் இலவச சட்ட உதவி கேட்டு எழுதுவோம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பெண்ணானால் வருமானக் கணக்குப் பார்க்காமல் வக்கீல் தருவது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அழுதுகொண்டு வரும் தாயையும் விரட்டமாட்டோம். உட்காரவைத்து டீ கொடுப்போம். மகள் சம்மதித்தால் போனில் பேசவைப்போம். விலாசம் மட்டும் கொடுக்கமாட்டோம்.