மூடியில் எழுதிய பெயர்

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று "கருப்பசாமி" என்று சத்தமாகக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். "முத்துலட்சுமி" என்றால் கேட்கவே வேண்டாம். குலசாமி பேரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரே சாமியைக் கும்பிடுகிற பங்காளி வீடு பத்து இருந்தால் பேரும் பத்து தடவை வரும். ஊருக்குள் இதனால் ஒரு குழப்பமும் கிடையாது. நெட்டையன், டெய்லர், மேலத்தெரு, மிலிட்டரி என்று பட்டப்பேர் பிரித்துக் காட்டிவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டில் பட்டப்பேருக்கு இடமில்லை. அங்கே "எம். முத்துலட்சுமி, வயது 45, பெண்" மட்டும்தான். அந்த 45கூட நிஜமில்லை, "ஒரு நாப்பத்தஞ்சு போட்டுக்கங்க" என்று சொன்னது. அந்த "எம்" ஆதாரில் அப்பா பேருக்கு, சீட்டில் வீட்டுக்காரர் பேருக்கு என்று இடத்துக்கு இடம் மாறும். எங்கள் பக்கத்து வயசான பொம்பளைகள் பலர் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். கூட வந்தவர்தான் சொல்லணும். கூட வந்தவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்கிற தீர்ப்பை நாம் இந்தப் பேரில்தான் தொங்கவிட்டிருக்கிறோம்.

என் சின்னம்மாவுக்கு மார்பில் கட்டி என்று சதை எடுத்தார்கள். அந்தப் பாட்டிலை மதுரை லேப்புக்குக் கொண்டுபோனவன் நான். எந்த ஆஸ்பத்திரி, எந்த லேப் என்பது இங்கே அவசியமில்லை. ஃபார்மலின் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டில், அதன் மூடியில் ஒட்டிய வெள்ளை பிளாஸ்திரி, அதில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய பேர். அதை மஞ்சப்பையில் போட்டு, அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். லேப்பில் முதலில் கழற்றி வைப்பது மூடியைத்தான். மேஜையில் ஐந்து பாட்டில் திறந்திருந்தால் எந்த மூடி எந்தப் பாட்டிலுக்கு? கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் தம்பி" என்றார். பிறகு சீட்டைப் பார்த்தார். சீட்டில் ஒரு இனிஷியல், பிளாஸ்திரியில் வேறு இனிஷியல். "ரெண்டும் ஒரே ஆளுதானே?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவை எடுத்துச் சீட்டிலிருந்ததைத் திருத்தி எழுதிக்கொண்டார். சின்னம்மாவின் அடையாளச் சரிபார்ப்பு அவ்வளவுதான். அவளுக்கு நல்லபடியாக முடிந்தது. அந்தப் புண்ணியத்தை முறையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

பாட்டில் உள்ளே போன பிறகும் பேர் பத்திரமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சதை சின்ன பிளாஸ்டிக் சல்லடைப் பெட்டிக்குள் போகிறது. ராத்திரி முழுக்க ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறுகிறது. மெழுகில் பதிக்கிறார்கள், மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவுகிறார்கள், வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்துகிறார்கள், சாயம் ஏற்றுகிறார்கள். கையால் எழுதுகிற லேப்களில் ஒவ்வொரு தாவலிலும் யாரோ ஒருவர் எண்ணை மறுபடி எழுதுகிறார். சாதாரணப் பேனா மை சைலீனில் கரையும், அதனால் பென்சில். முந்தைய ஆளின் துணுக்கு தண்ணீரில் மிதந்து அடுத்த ஆளின் தகட்டில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. லேப்காரர்கள் அதை "ஃப்ளோட்டர்" என்பார்கள், ஏதோ பழகின பூனையைச் சொல்வதுபோல. கடைசியில் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பது செல்லை. செல்லில் பேர் எழுதியிருக்காது. எவ்வளவு கெட்டிக்கார மருத்துவராக இருந்தாலும், அடுத்தவர் தகட்டை அவர் சரியாகப் படித்தால் முடிவு தப்பாகத்தான் வரும்.

2002இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இது நடந்தது. புற்றுநோய் இல்லாத ஒரு பெண்ணுக்கு இரண்டு மார்பையும் அகற்றினார்கள். அறுவை முடிந்த பிறகுதான் பரிசோதனை முடிவு இன்னொரு பெண்ணுடையது என்று தெரிந்தது. செய்தியெல்லாம் மார்பை இழந்தவரைப் பற்றித்தான். அந்த இன்னொரு பெண்ணை யோசித்துப் பாருங்கள். மாற்றம் என்றால் எப்போதும் இரண்டு பேர். ஒருத்திக்கு இல்லாத நோய்க்கு வைத்தியம், இன்னொருத்திக்கு "ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போ". முதலாமவள் அழுவாள், கேள்வி கேட்பாள், கோர்ட்டுக்குப் போவாள். இரண்டாமவள் சந்தோஷமாகக் கோயிலுக்கு மாவிளக்கு எடுப்பாள். ரெண்டு வருஷம் கழித்துக் கட்டி பெரிசாகித் திரும்பி வரும்போது அதைத் தலையெழுத்து என்று சொல்லிவிடுவோம். நம்மூரில் இப்படி எத்தனை தலையெழுத்துகள் உண்மையில் பிளாஸ்திரியெழுத்துகள் என்று யாரும் எண்ணவில்லை.

ஏதாவது வெளியே வந்துவிட்டால் நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: அலட்சியம். பத்திரிகைக்கும் அமைச்சருக்கும் அதிகாரிக்கும் இவ்வளவு சௌகரியமான சொல் வேறில்லை. அலட்சியம் என்றால் அதைச் செய்த ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைத்தால் சஸ்பெண்ட். சஸ்பெண்ட் ஆனால் விஷயம் முடிந்தது.

எங்கள் மாவட்டத்திலேயே பார்த்தோம். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதைக் கொடுத்த இளைஞர் 2016இலேயே ஒருமுறை ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் அறிந்தார். அறிந்ததும் அவரே வந்து ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் விஷம் குடித்து இறந்துபோனார். 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ரத்த வங்கி ஊழியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது.

அது பயாப்ஸி இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் எது அறுந்தது என்று பாருங்கள். 2016இல் சோதனைக் குழாய் சரியான பதிலைச் சொல்லியிருந்தது. அந்தப் பதிலையும் அந்த ஆளையும் இணைக்கிற கயிறு இல்லை. அதே ஆள் ரெண்டு வருஷம் கழித்து வந்து நின்றபோதும், பழைய முடிவு இவருடையதுதான் என்று எழுப்பிவிட எதுவும் இல்லை. மூடியில் பேர் எழுதுகிற அதே நோய்.

2025 மார்ச்சில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும், பிறகு வயிற்றைப் பிசையும். 17 நோயாளிகளின் அறுவை சிகிச்சை மாதிரிகளை நோய்க்குறியியல் லேப் பக்கம் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய சாமான் பொறுக்குகிற ஒருவர் ஆக்கர் என்று நினைத்து எடுத்துப் போய்விட்டார். பிறகு மீட்டார்கள். சஸ்பெண்ட் ஆனது ஒரு உதவியாளர். பதினேழு பேரின் தலைவிதி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, வாங்கினேன் என்ற கையெழுத்தில்லாமல் போகலாம் என்று விட்டு வைத்தது யார்? கேரளத்துக்கே இந்த நிலை என்றால் நம்மைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தனிமனித அலட்சியம்தான் காரணம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. புரோஸ்டேட் புற்றுநோய் பற்றிய பெரிய பன்னாட்டு மருந்தாய்வு ஒன்றில், சந்தேகம் வந்து பயாப்ஸிகளை மரபணு மூலம் சரிபார்த்தார்கள். 2011இல் அதன் முடிவு வெளியானது. ஆயிரத்துக்குச் சுமார் நாலு பயாப்ஸி அந்த நோயாளியுடையதே அல்ல. எல்லாமே கண்காணிப்பில் நடக்கிற, பணம் கொட்டிய ஆய்வு அது. பிறகு மாதிரிகளைக் கையாளும் முறையை இறுக்கினார்கள். அடுத்த சுற்றில் தவறு பத்தாயிரத்துக்கு ரெண்டு என்கிற அளவுக்கு இறங்கியது. முறையை மாற்றினால் தவறு இறங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"கூட்டத்தைப் பாத்தீங்களா? இதுல எப்படி சார் முடியும்?" என்று கேட்கிற மருத்துவர்களை எனக்குத் தெரியும். நல்லவர்கள், ராப்பகலாக உழைப்பவர்கள். ஆனால் வாதம் தலைகீழ். கூட்டம் இருக்கிற இடத்தில்தான் எண் வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் செருப்பு விட்டால் டோக்கன் தருகிறார்கள். திருவிழாக் கூட்டத்திலும் டோக்கனைக் காட்டி நம் செருப்பையே வாங்கிக்கொண்டு வருகிறோம். அங்கே யாரும் "முத்துலட்சுமி செருப்பு யாருது?" என்று கூவுவதில்லை. சதைக்கு ஏன் கூவுகிறோம்?

அரசுக்கு எண் கொடுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கர்ப்பம் பதிவானதும் பிக்மி எண் வந்துவிடுகிறது. ஸ்கேனுக்குப் போனாலும் பிரசவத்துக்குப் போனாலும் அதைக் கேட்கிறார்கள். அது இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும். கிராமத்து நர்ஸம்மா வீடு தேடி வந்து பதிந்துவிட்டுப் போகிறார். இதைச் செய்ய முடிந்த அரசு, பயாப்ஸி எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, பாட்டில், சீட்டு, மெழுகுக் கட்டி, தகடு, ரிப்போர்ட் எல்லாவற்றிலும் அதையே ஓடவிட முடியாதா? விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கள் ஆட்கள் கிட்டத்தில் இருக்கிற மதுரைக்குத்தான் போகிறார்கள் என்பது வேறு கதை. இரண்டு ஊருக்கும் ஒரே எண் செல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் ஒற்றி, பயாப்ஸியின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சேவையே உண்டு. நம் மாவட்டத்திலும் மரபணுச் சோதனை தெரியாத சங்கதியல்ல. பட்டாசு ஆலை வெடித்து உடல் அடையாளம் தெரியாமல் கருகினால் அதைத்தான் நாடுகிறோம். செத்தவர் யார் என்று அறிய அவ்வளவு தூரம் போகிறோம். உயிரோடு இருப்பவளிடம் "உங்க பேரு என்னம்மா, எந்த வருசம் பிறந்தீங்க?" என்று வாயைத் திறந்து கேட்பதில்லை. "முத்துலட்சுமிதானே?" என்றுதான் கேட்கிறோம். பயத்தில் இருக்கிற மனுஷி எதற்கும் தலையாட்டுவாள். பேரை நாம் சொல்லக்கூடாது, நோயாளிதான் சொல்ல வேண்டும், பேரோடு இன்னொரு அடையாளமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே சொல்லிவிட்டது. செலவில்லாத சமாச்சாரம்.

நான் கேட்பது கொஞ்சம்தான். லேபிள் மூடியில் அல்ல, பாட்டிலின் உடம்பில் இருக்க வேண்டும். சதை எடுத்த அறையிலேயே, நோயாளி பார்க்க, அவளிடம் படித்துக் காட்டி ஒட்ட வேண்டும். சொந்தக்காரன் மடியில் பாட்டில் பஸ் ஏறக்கூடாது. ஆஸ்பத்திரியே அனுப்ப வேண்டும், வாங்கியவர் கையெழுத்திட வேண்டும். பேரோ எண்ணோ ஒத்துவராத பாட்டிலைக் கவுண்டரில் பேனாவால் "சரி" பண்ணாமல் திருப்பி விசாரிக்க வேண்டும். மார்பை எடுக்கும் முன், கீமோ ஏற்றும் முன், தகட்டை இன்னொருவர் ஒருமுறை பார்க்க வேண்டும். 2019இல் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் தனியார் லேப்பின் ரிப்போர்ட்டை நம்பி ஒரு பெண்ணுக்கு கீமோ ஏற்றினார்கள். மருத்துவக் கல்லூரியின் சொந்த லேப்புக்கும் மாதிரி போயிருந்தது. அங்கிருந்து ரிப்போர்ட் வந்தபோது அவருக்குப் புற்றுநோயே இல்லை, ஆனால் தலைமுடி போயிருந்தது. அந்த ரிப்போர்ட்டுக்காகக் கொஞ்ச நாள் காத்திருந்தால் போதும்.

லேபிளுக்குக் காசில்லை என்று மட்டும் யாரும் எங்களிடம் சொல்லிவிடாதீர்கள். இந்தியா பூராவுக்கும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கிற ஊர் சிவகாசி. பத்து ரூபாய்ச் சரவெடிக்குக்கூட லட்சுமியோ பாப்பா படமோ போட்டு லேபிள் இருக்கிறது, எங்கள் வீட்டுப் பொம்பளைகளின் சதைக்குப் பிளாஸ்திரி. போன மாதம் அங்கே தெரிந்த ஒரு அச்சகக்காரரிடம் விசாரித்தேன். ஒரே எண் அஞ்சு தடவை வரணும், ஃபார்மலின்ல ஊறினாலும் எழுத்து கலையக்கூடாது, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் உரியக்கூடாது. அவர் காலண்டர் கட்டிலிருந்து நிமிரக்கூட இல்லை. "நம்பர் போட்ட ஸ்டிக்கர்தானண்ணே? எத்தனை ஆயிரம் வேணும், யாரு பேருல பில்லு போடணும், அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.